மூட்டு மாற்றி 14 மாதம்: எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம், ஆனால் பஸ் படியில் கால் ஆடுகிறது

சோழவந்தான் கண்டக்டர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 66. டவுன் பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல், சீட்டு முனையில் முட்டியை அண்டக் கொடுத்து நின்று டிக்கெட் கிழித்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். அதனாலோ என்னவோ இரண்டு முட்டியும் தேய்ந்துபோனது. வலது முட்டியை மட்டும் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாற்றினார்கள். பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். செய்து 14 மாதம் ஆகிறது.

முதல் மூன்று மாதம் ராஜாவாட்டம் இருந்தேன். பழைய வலி சுத்தமாகப் போய்விட்டது. அதற்கப்புறம்தான் வேறொன்று ஆரம்பித்தது. அதை வலி என்று சொல்வதா என்னவென்று சொல்வது என்றே தெரியவில்லை. எங்கள் டிரைவர்கள் 'ஸ்டியரிங்கில் ப்ளே இருக்கு' என்பார்கள். கை திருப்பினாலும் சக்கரம் உடனே திரும்பாது, ஸ்டியரிங் ஒரு விரற்கடை சும்மா சுற்றிவிட்டுத்தான் பிடிக்கும். அதேதான் என் முட்டியில் இப்போது. காலை ஊன்றுகிறேன், ஒரு விரற்கடை எங்கேயோ போய்விட்டு வந்து அப்புறம் பிடிக்கிறது.

எப்போதெல்லாம் என்று கவனித்துப் பார்த்தேன். சமதளத்தில் ஒன்றும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நிற்காமல் நடந்துவிடுவேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை. பஸ் படியில் இறங்கும்போது மனசு பக்கென்கிறது. திருப்பரங்குன்றத்தில் கொடிமரம் தாண்டிப் படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டேன், இறங்கும்போது மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். இதுவரை கீழே விழுந்ததில்லை. சாயங்காலம் ஆனால் முட்டிச்சில்லுக்கு மேலே பன் மாதிரி வீங்குகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. முட்டிக்குச் சற்றுக் கீழே உள்பக்கம் விரல் வைத்தால் வலி. மடக்கி நீட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம். காய்ச்சல் கிடையாது.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனேன். படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அருமையா உட்கார்ந்திருக்குங்கய்யா, எடையைக் குறைங்க" என்றார். 78 கிலோ இருக்கிறேன், குறைக்கலாம்தான். முட்டியை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் பத்தே நிமிஷத்தில் "லூஸா இருக்கு, திரும்பப் பிரிச்சு மாத்தணும்" என்றுவிட்டார். ஒருத்தருக்கு அருமை, இன்னொருத்தருக்கு லூஸ். நான் யாரை நம்புவது?

லூஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிசியோ, திருநகர்:

ஐயா, வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள். ஆனால் மாற்று மூட்டு போட்டவர்களைத் தினமும் நடக்க வைக்கிறவள். நீங்கள் எழுதியதில் பாதி நோய்க்கணிப்பு இருக்கிறது. சமதளத்தில் சரி, நாற்காலியில் எழுவதும் படி இறங்குவதும் கஷ்டம், மாலையில் நீர் கோத்து வீக்கம், உள்பக்கம் கீழே தொட்டால் வலி. முட்டி நீட்டியிருக்கும்போது இறுக்கமாகவும் மடங்கும்போது தளர்வாகவும் இருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். விழ மாட்டார்கள், ஆனால் காலை நம்ப மாட்டார்கள்.

படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. இரும்பு எலும்பில் ஒட்டியிருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று படம் சொல்லும். தசைநார் எந்த அளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். நன்றாகப் பார்க்கிற டாக்டர் என்ன செய்வார் தெரியுமா? முட்டியை நேராக நீட்டி வைத்துப் பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பார். அப்புறம் 30 டிகிரி மடக்கி அதையே செய்வார். கடைசியாக 90 டிகிரி. மூன்று நிலையிலும் தளர்வு வேறு வேறாக இருக்கலாம், அதுதான் விஷயமே.

90 டிகிரிக்கு ஒரு முறை இருக்கிறது. மேஜை விளிம்பில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்வார்கள். பாதம் தரையில் படக்கூடாது. கணுக்காலுக்கு மேலே தாங்கிக்கொண்டு, முட்டிக்குக் கீழே எலும்பைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள், பின்னால் தள்ளிப் பார்ப்பார்கள். நீங்கள் பயந்து தொடையின் பின்தசையை இறுக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்ப்போம். எத்தனை பிள்ளைகள், பேரன் என்ன படிக்கிறான் என்று. தசை தளர்ந்த அந்த நொடியில் எலும்பு டிராயர் மாதிரி முன்னால் வரும். கொஞ்சம் வருவது எல்லா மாற்று மூட்டிலும் உண்டு, அதுவே வியாதி இல்லை. தாராளமாக வந்து, 'இதைத்தான்யா சொன்னேன்' என்று நீங்களே கத்தினால் அது கணக்கு. வீட்டில் மருமகனை வைத்து இதைச் செய்து பார்க்காதீர்கள், தயவுசெய்து.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். தையல்காரர் டேப் எடுத்து, இரண்டு முட்டிச்சில்லுக்கும் மேலே 10 சென்டிமீட்டரில் தொடைச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். வலது தொடை மெலிந்திருந்தால் முன்தொடைத் தசை வீணாகியிருக்கிறது. அது பலவீனமாக இருந்தாலே நல்ல மூட்டுகூட ஆடுகிற மாதிரிதான் இருக்கும். இன்னொன்று, பேரனிடம் போனைக் கொடுத்து, நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி முற்றத்தில் நடப்பதைப் பின்னால் இருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். காலை ஊன்றும்போது முட்டி பக்கவாட்டில் வெட்டிப் போகிறதா என்று தெரியும். போனால் அது வேறு கதை, பக்கத்துத் தசைநார்க் கதை.

'டக்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். இரும்பும் பிளாஸ்டிக்கும் தட்டுவது பல பேருக்குக் கேட்கும். வலியோடு சேர்ந்து புதிதாக வந்தால் மட்டும் சொல்லுங்கள்.

அலங்காநல்லூரான்:

அண்ணே, ஒரு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டினால் 21 நாளில் சரியாகிவிடும். எங்க மாமாவுக்கு ஆச்சு. இவங்களை நம்பினா வெட்டிக்கிட்டேதான் இருப்பாங்க.

பிசியோ, திருநகர்:

உங்கள் மாமாவுக்கு மூட்டு மாற்றியிருந்ததா, சுளுக்கா? உள்ளே உலோகம் இருக்கிற வீங்கிய முட்டியை உருவி நீவக்கூடாது. நீர் ஏன் கோக்கிறது என்று தெரிவதற்கு முன்னால் இறுக்கியும் கட்டக்கூடாது. ஐயா, இதை மட்டும் கேட்காதீர்கள்.

வாடிப்பட்டி மருமகள்:

கண்டக்டர் அண்ணே, உங்கள் பதிவில் ஒரு வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். 'லூஸ்'. எங்கள் அத்தை விஷயத்தில் அந்த ஒரு வார்த்தையால் ஏழு மாதம் வீணானது.

நம் ஊரில் டாக்டரிலிருந்து ஆயா வரை எல்லாரும் லூஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதில் இரண்டு லூஸ் இருக்கிறது. ஒன்று, எலும்போடு சிமென்ட் வைத்து ஒட்டிய பாகம் பிடிமானம் விட்டுக் கழல்வது. இன்னொன்று, பாகங்கள் எல்லாம் ஒட்டினபடி கெட்டியாக இருக்க, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் தசைநார்கள் தளர்வாக இருப்பது. உங்கள் பஸ் பாஷையில் சொன்னால் முதலாவது போல்ட் கழன்றது, இரண்டாவது ப்ளே. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்று இல்லை.

அத்தைக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் நன்றாக இருந்து, அப்புறம் கால் நம்பிக்கை இல்லை என்றார்கள். லூஸ், தசைப்பயிற்சி செய்யுங்கள் என்றார் ஒருவர். பயிற்சி செய்யச் செய்ய வலி கூடியது. அத்தை சொன்ன இரண்டு விஷயத்தை நாங்கள் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு எட்டு உயிர் போகிறது, அப்புறம் பரவாயில்லை என்பார்கள். ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்பார்கள். வயசானவர்கள் சொல்வதுதானே என்று விட்டோம். நடுவில் ஒருவர் பத்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார், வீக்கம் குறைந்தது, திரும்ப வந்தது.

கடைசியில் பார்த்த டாக்டர்தான் உட்கார்ந்து கேட்டார். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் எடுக்கச் சொன்னார். இரண்டும் ஏறியிருந்தது. மூட்டிலிருந்து நீர் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார், ஆனால் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு முடித்து இரண்டு வாரமாவது போகட்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் வளராமல் போகலாம் என்று காத்திருக்க வைத்தார். வந்த முடிவு, உள்ளே கிருமி. கீழ் எலும்பில் இருந்த பாகம் அதனால்தான் பிடிப்பு விட்டிருக்கிறது. மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் கட்டையை இடையில் வைத்து, வாரக்கணக்கில் ஊசி மருந்து போட்டு, அப்புறம்தான் புது மூட்டு. இப்போது வாக்கரோடு வீட்டுக்குள் நடக்கிறார்கள். தளர்வு என்று நினைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தோம் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது 'எந்த லூஸ்' என்று. அதற்கும் முன்னால் கிருமி இல்லை என்று தெரிய வேண்டும்.

ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர், அண்ணா நகர்:

வாடிப்பட்டி அம்மா சொன்னது சரி. கிருமியை முதலில் விலக்கு, பிறகு கழன்றதா என்று பார், அப்புறம்தான் தளர்வு. காய்ச்சல் இல்லை என்பது ஆதாரமே இல்லை, மூட்டுக் கிருமி பல பேருக்குக் காய்ச்சல் இல்லாமல்தான் வரும். ஆபரேஷன் ஆன புதிதில் சி.ஆர்.பி. ஏறித்தான் இருக்கும், 14 மாதத்தில் அது இறங்கியிருக்க வேண்டும்.

கண்டக்டர் சார், எக்ஸ்ரே விஷயம். நின்றுகொண்டு எடுத்த படம் வேண்டும். பக்கவாட்டுப் படமும் முட்டிச்சில்லுக்குத் தனிப் படமும் வேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுப்பதை ஸ்கேனோகிராம் என்பார்கள், கால் கோடு எங்கே விழுகிறது என்று அதில்தான் தெரியும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் ஆபரேஷன் முடிந்த மறுநாள் எடுத்த பழைய படம். இன்றைய படத்தைத் தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கும். பழையதோடு பக்கத்தில் வைத்தால்தான் ஒரு பாகம் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கியிருப்பது தெரியும். அந்தப் படத்தை வீட்டில் யாரும் தூக்கி வைப்பதில்லை. மேல் பாகம் திரும்பி உட்கார்ந்திருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால் சி.டி. தேவைப்படும். எல்லோருக்கும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஃபைலில் உள்ளே வைத்த மூட்டின் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். கம்பெனி, மாடல், அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். முட்டிக்குள் இருக்கும் பின்பக்கச் சிலுவைத் தசைநாரை வைத்துக்கொண்டு போடும் மாடலா, அதை எடுத்துவிட்டு அந்த வேலையைப் பிளாஸ்டிக்கில் இருக்கும் முளை செய்யும் மாடலா என்று அதைப் பார்த்தே சொல்லலாம். முதல் வகையில் அந்தத் தசைநார் நாளாவட்டத்தில் அறுந்தாலோ நைந்தாலோ மடங்கும்போது ஆட ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் நன்றாக இருந்து அப்புறம் கெட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைக் கேட்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. 'பிளாஸ்டிக்கை மட்டும் தடிமனாக மாற்றிவிடலாம், சின்ன ஆபரேஷன்' என்று யாராவது சொன்னால் சட்டென்று தலையாட்டாதீர்கள். முட்டி நீட்டும்போது உள்ள இடைவெளி ஒன்று, மடக்கும்போது உள்ள இடைவெளி ஒன்று. தடிமனான பிளாஸ்டிக் இரண்டையும் ஒரே அளவில் அடைக்கும். மடக்கும்போது மட்டும் தளர்வாக இருக்கிறவருக்கு அதை வைத்தால், மடங்குவது சரியாகலாம், கால் முழுசாக நீளாது. காரணம் தெரியாமல் பிரித்த முட்டி மறுபடியும் அதே காரணத்துக்காக என்னிடம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு மூட்டையும் முதுகையும் யாராவது பார்த்தார்களா? நரம்பு அழுத்தத்திலும் கால் மடங்கும்.

சோழவந்தான் கண்டக்டர்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் டேப். சம்சாரம் தையல் மிஷின் டிராயரில் வைத்திருந்ததை எடுத்து அளந்தாள். வலது தொடை மூன்று சென்டிமீட்டர் கம்மி. எனக்கே அதிர்ச்சி. இடது முட்டியும் தேய்ந்ததுதான், இருந்தாலும் அந்தத் தொடை தேவலை. பேரன் எடுத்த வீடியோவில் முட்டி பக்கவாட்டில் எங்கும் போகவில்லை. நாய் ஒன்று குறுக்கே போனது.

ஸ்டிக்கரைத் தேடி ஒரு நாள் போனது. ஃபைலில் இல்லை. மகன் திருப்பூரிலிருந்து போன் போட்டு, 'இன்சூரன்சுக்குக் கொடுத்த ஜெராக்ஸில் பாருங்கப்பா' என்றான். இருந்தது. அதையும் மறுநாள் எடுத்த பழைய எக்ஸ்ரேயையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். 31 வருஷம் "பெரியாஸ்பத்திரி எறங்கு" என்று கூவிய நிறுத்தத்தில் நான் வைத்தியத்துக்கு இறங்கியது இதுதான் முதல் தடவை. காலையில் போய் ஓ.பி. சீட்டுப் போட்டு, மத்தியானம் ஆகிவிட்டது.

பார்த்த டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். முன்னால் பார்த்த டாக்டர் லூஸ் என்று சொன்னதாகச் சொன்னேன், இவர் வாயைத் திறப்பதற்குள் "எந்த லூஸுங்க, கழன்ற லூஸா, ஆடுற லூஸா?" என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாருங்கய்யா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். அப்புறம் மேஜை ஓரத்தில் உட்காரச் சொல்லிக் காலைத் தொங்கவிடச் சொன்னார். எந்த ரூட்டில் ஓடினீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திருநகர் அம்மா எழுதியது ஞாபகம் வந்து. நான் செக்கானூரணி ரூட்டில் கூட்டம் எப்படி ஏறும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எலும்பை முன்னால் இழுத்தார். அதுதான் அந்த ஒரு விரற்கடை. படியில் போகிற அதே இடம், அதே உணர்ச்சி. "இதேதாங்க" என்றேன். நீட்டி வைத்துப் பார்த்தபோது இறுக்கமாக இருந்தது. 30 டிகிரியிலும் பெரிதாக இல்லை.

ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரி. அவர் அதோடு விடவில்லை, நீரும் எடுத்தார். ஊசி பெரிது, சொல்லிவிடுகிறேன். லேசாக ரத்தம் கலந்து சிவப்பாக வந்தது, எனக்குக் கைகால் உதறியது. மூட்டு ஆடி ஆடி உள்சவ்வு உரசினால் இப்படி வருவது உண்டு என்றார். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. நின்று எடுத்த படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். பாகங்கள் எதுவும் நகரவில்லை. ஸ்டிக்கர்படி, பின் தசைநாரை வைத்துக்கொண்டு போடும் மாடல். அந்தத் தசைநார் இப்போது வேலை செய்யவில்லை என்றுதான் அவர் நினைக்கிறார். கீழ் எலும்பை வெட்டிய சரிவும் பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதாம். ஆக, போல்ட் கழலவில்லை. ப்ளேதான்.

உடனே பிரிக்க வேண்டாம் என்றார். மூன்று மாதம் முன்தொடைத் தசைக்குப் பயிற்சி, வெளியே போனால் இடது கையில் ஊன்றுகோல், எடை குறைப்பு. அதற்கப்புறமும் ஆடினால், பிளாஸ்டிக்கை மட்டும் இல்லாமல் மாடலையே மாற்ற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இன்னொருத்தரிடமும் அபிப்பிராயம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. எடையைக் குறைக்கச் சொன்ன முதல் டாக்டரும் அதில் மட்டும் தப்பு சொல்லவில்லை. இப்போது 76. ராத்திரி பரோட்டாவை நிறுத்தினேன், வேறொன்றும் செய்யவில்லை.

பயிற்சி ஆரம்பித்து நாலு வாரம். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். முதலில் ஐந்து தடவைக்கே தொடை நடுங்கியது, இன்றைக்குப் பன்னிரண்டு. ஒரு தலையணையை எடுத்துவிட்டேன். வீக்கம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து என்ன சொல்கிறார்கள் என்று வந்து எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று அப்படித்தான் யோசித்து யோசித்து இறங்கினேன். கண்டக்டர் பையன், "பெருசு, பாத்து மெதுவா எறங்கு" என்றான். இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறவரை அவன் விசில் அடிக்கவில்லை.